சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம்

போன வாரம் சளி பிடித்த ஏழு மாதக் குழந்தையோடு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பெண், மஞ்சள் பையிலிருந்து மூன்று மருந்து பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று கடையில் கேட்டு வாங்கியது. இன்னொன்று பக்கத்து வீட்டில் மீந்தது. மூன்றாவது, முன்பு அண்ணன்காரனுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கடையில் வாங்கியதில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகள் கலந்திருந்தன. அந்தக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

"நெஞ்சு கர் கர் என்கிறதே, நர்சம்மா" என்றார் மாமியார். குழந்தையின் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரண்டிரண்டு துளி விட்டு, சற்றுப் பொறுத்து மெல்லிய துணியால் துடைத்தேன். சத்தம் பாதி அடங்கியது. பிள்ளை உடனே மார்பைத் தேடியது. அதுவரை பாலுக்கு அழுததும் குடிக்க முடியாமல் திமிறியதும் மூக்கடைப்பால்தான். மூக்கில் எண்ணெய் விடுவது, கற்பூரம் தேய்ப்பது, ஒரு வயதுக்கு முன் தேன் தடவுவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

பிறகு முக்கியமான பாடம், மூச்சு வேகமாகிறதா என்று பார்ப்பது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். அவள் எண்ணி, "எண்பத்து நான்கு" என்றாள், முகம் வெளுத்துவிட்டது. ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணியிருக்கிறாள். ஏறி இறங்கினால்தான் ஒன்று. மறுபடி எண்ணினாள்: 42. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ஐத் தொட்டால்தான் வேக மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

கிளம்பும்போது மாமியார் நின்றார். இடுப்பிலிருந்து சின்ன போனை எடுத்து நீட்டினார். "இதில் நிமிடம் எங்கே பார்ப்பது? இவள் காலையில் மில்லுக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் பிள்ளை என் மடியில்தான்."

அவரை உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.