எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு டைமர், ஈரப்பத சென்சார்: சென்னை பாத்ரூமில் மாட்டிப் பார்த்தது

பாத்ரூம் 5 × 7 அடி, உயரம் 9 அடி. மொத்தம் 315 கன அடி. மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 53 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 90 கன மீட்டர். அந்த அளவு இழுக்கும் 4 அங்குல ஃபேன் போதும். ஆனால் கதவுக்கடியில் முக்கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். உள்ளே வரக் காற்றில்லாவிட்டால் ஃபேன் சும்மா சத்தம்தான் போடும்.

பழைய ஃபேனுக்கு இரண்டே ஒயர். டைமர் உள்ளதற்கு மூன்று: எப்போதும் இருக்கும் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) ‘எல்’ முனையில், சுவிட்ச் வழியே வரும் பேஸ் ‘டி’யில், நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் ஒயர்) ‘என்’னில். சுவிட்சை அணைத்த பிறகும் ஓட வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கூடுதல் பேஸ். எம்சிபியை (போர்டில் அந்த லைனுக்கான சுவிட்ச்) இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு (டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம்), பழைய ஒயரின் நுனியில் புது 1 சதுர மில்லிமீட்டர் ஒயர்களைக் கட்டி பைப்பில் இழுத்தாயிற்று. சிவப்பு நிரந்தர பேஸ், மஞ்சள் சுவிட்ச் பேஸ், கறுப்பு நியூட்ரல். ‘எல்’லும் ‘டி’யும் இடம் மாறினால் சுவிட்சை அணைத்ததுமே ஃபேனும் நின்றுவிடும். நியூட்ரலை வேறு ஆர்சிசிபியின் (மின்கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழுள்ள லைனிலிருந்து எடுத்தால் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் டிரிப் ஆகும்: போன மின்சாரம் அதே வழியில் திரும்பவில்லை என்று ஆர்சிசிபி அதைக் கசிவாக எடுத்துக்கொள்கிறது.

வயரிங் அரை நாள் வேலை. தலைவலி சென்சாரில்தான். ஈரப்பதம் எவ்வளவைத் தாண்டினால் ஃபேன் ஓட வேண்டும் என்று அதன் குமிழில் வைக்க வேண்டும். 65–70 சதவீதத்தில் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காலைக் காற்றே 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றை இழுத்து அதற்குக் கீழே எப்படி இறக்குவது? வெந்நீரில் குளிக்கும்போது உள்ளே 95-ஐத் தொடும். ஆகவே 85–90தான் சரி. டைமர் 15 நிமிடம். ஈரப்பதம் இறங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும்.

குமிழில் போட்டிருக்கும் எண்களும் துல்லியமில்லை. சின்ன ஈரமானி ஒன்றை, கூழாகக் குழைத்த சாப்பாட்டு உப்போடு மூடிய டப்பாவில் எட்டு மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தப்புகிறதோ அதைக் கழித்துக்கொண்டு, அந்த மானியைப் பார்த்தே குமிழைத் திருப்பலாம்.

சுவிட்ச் போடாமலே, ஈரமும் இல்லாமலே ஃபேன் ஓடினால்? நீளமான பைப்பில் சிவப்பு ஒயர் பக்கத்திலேயே போகும் மஞ்சளில் சில பத்து வோல்ட் தூண்டப்பட்டு, ‘டி’ அதை சுவிட்ச் போட்டதாக நினைக்கும். ‘டி’க்கும் ‘என்’னுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் ஸ்நப்பர் (கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்த சின்ன உறுப்பு) போட்டால் அடங்கும்.

சுவரோட்டைப் பைப் வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஆவி குளிர்ந்து சொட்டும் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.