மழை தள்ளிவிட, கடல் அள்ளிப்போகும் கரை

இங்கிலாந்தின் தெற்கே டார்செட் கடற்கரைக்குக் கிளம்பியபோது மனதில் இருந்தது டர்டில் டோர் மட்டும்தான். சுண்ணாம்புப் பாறையைக் கடல் குடைந்து உண்டாக்கிய அந்தப் பெரிய வளைவைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரிலும் பார்த்தேன், அழகுதான். ஆனால் திரும்பி வந்த பிறகு அடிக்கடி நினைவுக்கு வருவது லைம் ரீஜிஸுக்கும் சார்மத்துக்கும் நடுவே சேறு வழிந்துகொண்டிருந்த ஒரு கறுத்த சரிவு. பிளாக் வென் என்று பெயர்.

அந்தக் கரையில் நடக்க வேண்டுமென்றால் முதலில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தாக நிற்கும் ஓங்கல், நடுவில் நிற்க இடம் இருக்காது. கடல் நன்றாக வற்றத் தொடங்கிய பிறகே இறங்கினேன். ஓங்கலின் அடியை ஒட்டியும் நடக்கவில்லை. பாதி வழியில், மேலேயிருந்து சின்னக் கற்கள் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது. காற்று இல்லை. அலை எங்கேயோ தூரத்தில் இருந்தது. யாரும் தொடாமலே உதிர்கிறது.

அலை அடிக்கிறது, பாறை தேய்கிறது. அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிளாக் வென் முன்னால் நின்றபோது அது போதவில்லை. அங்கே மேலே இருப்பது மணற்பாறை, மழைநீரை உள்ளே விட்டுவிடும். அதற்குக் கீழே ஜுராசிக் காலத்துக் களிமண் பாறை, தண்ணீருக்கு வழிவிடாது. குளிர்கால மழையெல்லாம் இறங்கிவந்து அந்தக் களிமண்ணின் தலைமேல் தேங்குகிறது. மேலே பாரம் கூடுகிறது, கீழே வழுக்குகிறது. ஒரு கட்டத்தில் நிலம் புல்லோடும் புதரோடும் அப்படியே உட்கார்ந்து நழுவுகிறது. இப்படி இறங்கிய துண்டுகள் படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. கடைசிப் படியிலிருந்து ஒழுகிய சேறு கடற்கரைவரை வந்திருந்தது.

கடலின் வேலை அப்புறம்தான். சரிந்த மண் அங்கேயே கிடந்தால் அதுவே மேட்டுக்கு முட்டுக்கொடுத்துத் தாங்கும். அலை அதை விட்டுவைப்பதில்லை. களிமண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டு கற்களைப் போட்டுவிட்டுப் போகிறது. முட்டு போனதும் மேடு மறுபடி தளர்கிறது. 2008 மே மாதம் இதே கரையில் சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு நிலம் சரிந்தது. கொஞ்சம் மேற்கே பிண்டனில், 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு பெரிய நிலத்துண்டே பிரிந்து கடல் பக்கம் நகர்ந்துவிட்டது. அதன்மேல் விதைத்திருந்த கோதுமை அடுத்த கோடையில் விளைந்து, அறுவடையும் நடந்தது. இதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது.

சரிவில் வெளியே வருவது மண் மட்டுமில்லை. என் காலடியில் கிடந்த ஒரு கல்லில், எப்போதோ அழிந்துபோன அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓட்டுச் சுருள் விரல்நக அளவுக்குத் தெளிவாக இருந்தது. மேரி ஆன்னிங் ஆயுள் முழுக்கத் தொல்லுயிர் எச்சங்களைத் தேடியது இந்த ஓங்கல்களில்தான். 1833-ல் சரிந்த பாறை, அவரோடு எப்போதும் வரும் டிரே என்ற நாயை அவர் காலடியிலேயே நசுக்கிவிட்டது. அவர் தப்பியது மயிரிழையில்.

மறுநாள் கிழக்கே, லல்வொர்த் கோவ் என்ற சின்ன வளைகுடா. அங்கே அலையின் பலம் தெரிகிறது. கடலை நோக்கிக் கெட்டியான சுண்ணாம்புப் பாறை மதில்போல நிற்கிறது. அலை மோதும்போது விரிசலுக்குள் மாட்டிய காற்று அழுந்தி, அலை பின்வாங்கியதும் வெடித்து விரியும். தெறிக்கும் உப்புநீர் காய்ந்து, பாறையின் நுண்துளைகளில் உப்புப் படிகம் வளர்ந்து, உள்ளேயிருந்தே நெருக்கும். இப்படி மதிலில் ஒரு வாசல் திறந்துவிட்டால், பின்னால் இருக்கும் மெத்தென்ற மணலும் களிமண்ணும் சீக்கிரம் கரைந்துபோகும். கடல் அங்கே வட்டமாக அகன்று, அதற்கும் பின்னால் இருக்கும் மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்பான சாக் (chalk) பாறையில் போய் நிற்கிறது. பக்கத்திலேயே ஸ்டேர் ஹோல் இருக்கிறது. லல்வொர்த் சின்ன வயதில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் இடம். மதிலில் வாசல்கள் திறந்தாயிற்று, உள்ளே குடைவது நடந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் உள்பக்கக் களிமண் மழையில் நனைந்து குழைந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

கிளம்பும் நாளன்று மழை பிடித்துக்கொண்டது. ஓங்கலின் மேல்பாதையில் நடந்தேன். இந்தக் கரை நெடுக, விளிம்பு சரியச் சரிய நடைபாதையை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். விளிம்பிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே, புல்லுக்குள் ஒரு விரிசல் நீளமாக ஓடியது. இரண்டு விரல் நுழையும் அகலம். மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னும் உள்ளே தள்ளி நடந்தேன்.