‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ரிப்போர்ட் வந்த பிறகு மூன்று மாதம்

வயிற்று ஸ்கேனில் இப்படி ஒரு வரி, அதாவது கல்லீரலில் லேசாகக் கொழுப்பு படிந்திருக்கிறது என்று, வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “உடம்பைச் சுத்தம் பண்ண என்ன குடிக்கலாம்?” என்பதுதான். பலருக்கு இந்த மூன்று மாதமும் கூடவே இருந்து பார்த்ததில், வழி தவறுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். கல்லீரலுக்குள் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் போய் வருகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை, இரண்டு லிட்டரைத்தான் வெளியே விடுகின்றன. சுத்தம் செய்யும் ஆட்கள் வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் ஏற்றிய கொழுப்பையும் சர்க்கரையையும் இறக்குவதே நம் வேலை.

அதனால் முதல் நாள், எதையாவது தொடங்குவதற்கு முன் சிலவற்றை நிறுத்த வேண்டும். சீந்தில் கொடிக் கஷாயத்தைத் தினமும் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். கிரீன் டீ சாரத்தை அடைத்த மாத்திரைகளாலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியும். சுரைக்காய்ச் சாறு லேசாகக் கசந்தாலும் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு; சாப்பிட்டவர்களுக்கு ரத்த வாந்தி வரை போயிருக்கிறது. விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானால் குடல் காலியாகும், தண்ணீரும் உப்பும் போகும், கல்லீரல் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாக ‘கல்’ விழுவதாகச் சொல்வார்கள். எண்ணெய் குடலுக்குள் சோப்புக்கட்டியாகித் திரண்டு வெளியே வருவதுதான் அது.

அடுத்து அளவு. காலையில் கழிவறை போய்வந்து வெறும் வயிற்றில் எடை, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ முதல் இலக்கு, 6 கிலோ நல்ல இலக்கு. வாரத்துக்கு அரைக் கிலோ போதும், 12 வாரத்தில் 6 கிலோ ஆகிவிடும். பட்டினி கிடந்து வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் டீ கிளாஸ். டீக்கடை டீ ஒன்றில் இரண்டு ஸ்பூன், அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரை. நாலு டீ என்றால் 40 கிராம். இதில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சினால் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறினாலும் இதே கணக்குதான். ஒரேயடியாக நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் பழையபடி திரும்புகிறார்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாலாவது வாரத்தில் நாக்கே பழகிவிடும். சர்க்கரை போடாத காபியை விட வேண்டியதில்லை. கல்லீரலுக்கு அது நல்லதென்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

எண்ணெய்க்கு எளிய வழி: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டரை முதல் தேதியில் தனியாக எடுத்து, பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள். இருபதாம் தேதிக்கே தீர்ந்தால், அளவுக்கு மேல் போகிறது என்று தெரிந்துவிடும்.

தட்டில் முதலில் பொரியல், கூட்டு, கீரை வைத்துப் பாதியை நிரப்புங்கள். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சக் கால் பங்கில் சோறு. சோற்றை முதலில் போட்டால் காய்க்கு இடமே இருக்காது. நார்ச்சத்து நாளைக்கு 25, 30 கிராம் வேண்டும், ஏனென்றால் அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். ஈடுகட்டப் புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்கும். ஒரு கொய்யாப்பழத்தில் சுமார் 5 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 8 கிராம். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி, “இது எனக்கு ஒத்துக்கலை” என்று விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு 5 கிராமாக ஏற்றுங்கள். கடலையைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறையும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமெபிரைடு எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் ‘லோ சுகர்’ ஆகி மயக்கம் வரும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கீரை, காய் அளவே பொருந்தாது. அவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு தனி.

நடை வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் சேரட்டும். தண்ணீர், சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும் அளவுக்குப் போதும்.

மது விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தது காலையிலும் உடம்பில் இருக்கும். மோரோ எலுமிச்சையோ அந்த வேகத்தைக் கூட்டாது. இந்த மூன்று மாதம் முழுமையாக நிறுத்துங்கள். தினமும் குடித்துப் பழகியவர் மட்டும் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் துணை வேண்டும். குடிப்பவர்கள் தலைவலிக்குப் பாராசிட்டமாலை இஷ்டத்துக்குப் போடுவதும் ஆபத்து.

முதல் இரண்டு வாரம் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஐந்து, ஆறாவது வாரத்தில் முள் நகராது, பலரும் கைவிடுவது அங்கேதான். அப்போது இடுப்பு அளவை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது குறைந்திருக்கும். இரண்டுமே நின்றிருந்தால் எண்ணெய் பாட்டிலையும் மாலை நேர மிக்சர், பிஸ்கட்டையும் பாருங்கள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு, மூன்று நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம்; ரத்தத்தில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் தசையிலிருந்தும் வந்து ஏறிக் காட்டும். ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டிருந்தால் பித்தப்பை சுருங்கி, சரியாகத் தெரியாது. எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பதால் கொழுப்பு இல்லை என்று ஆகிவிடாது. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்ற கல்லீரல் தழும்பு மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. மேலே என்றால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண் மஞ்சளானாலோ, மலம் கறுத்தாலோ, வயிறும் காலும் வீங்கினாலோ மூன்றாம் மாதம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.