போனும் நல்லா இருக்கு, நெட்டும் நல்லா இருக்கு: பன்னிரண்டு நாள் வைஃபை அலைச்சல்

பன்னிரண்டு நாள் கழித்து நேற்றுதான் என் போனில் வீட்டு வைஃபை மறுபடியும் வந்தது. சரிசெய்ய ஆன நேரம் அரை நிமிஷம்கூட இல்லை. அதற்கு முன்னால் அலைந்த அலைச்சலும், கொடுக்க இருந்த 2,200 ரூபாயும், அழிந்துபோக இருந்த படங்களும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டையில், ஒரு குறுக்குத் தெருவில், கீழ் வீடு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். வீட்டுக்குள் சிம் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிய விஷயம். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், இன்ஜின் அறை வேலை. வேலை முடிந்து அவர் கூப்பிடும்போது நமக்கு ராத்திரி ஒன்பதரை ஆகியிருக்கும். கப்பலில் நெட் அளந்துதான் கொடுக்கிறார்கள், பத்து நிமிஷம் பேசினால் அதிகம். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வீட்டில் வைஃபையே போட்டது.

பிரச்சினை வைஃபையில் என்று முதலில் தெரியவே இல்லை. என் சிம்மில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. வீட்டிலேயே இருப்பதால் அதில் பாதிகூடத் தீராது. திடீரென்று ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. மறுநாள் ஒரு மணிக்கே வந்துவிட்டது. பையன் வீடியோ பார்த்திருப்பான் என்று அவனைத் திட்டினேன், பாவம். அப்புறம்தான் போனின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். வைஃபை குறி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆச்சரியக்குறி. வைஃபை சேர்ந்திருந்தாலும் அதில் இன்டர்நெட் வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குப் போய்விடும். எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது. உங்கள் டேட்டா காரணமில்லாமல் தீர்ந்தால், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது திறந்து பாருங்கள். நான் அணைத்துப் பார்த்தேன், ஒன்றுமே திறக்கவில்லை.

என் மாமியார் போனில் யூடியூப் ஓடுகிறது. டிவியும் ஓடுகிறது. அதே வைஃபை, அதே அறை. என் போனில் மட்டும் இல்லை.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வைஃபையை அணைத்துப் போட்டேன், ஃப்ளைட் மோடு போட்டு எடுத்தேன், போனை ரீஸ்டார்ட் செய்தேன், மோடத்தை ஐந்து நிமிஷம் பிடுங்கி வைத்தேன். கடைசியாக, சேமித்த வைஃபையைப் போனிலிருந்து எடுத்துவிடும் "ஃபர்கெட்" கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டால் தப்பு என்கிறது. மாட்டின பையன் அதை மாற்றிவைத்திருக்கிறான், என்ன வைத்தான் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அரை நாள் போயிற்று. பிறகு மேல் வீட்டுப் பெண் வந்து வழி சொன்னாள்: மாமியார் போனில் வைஃபை பெயரைத் தொட்டு "ஷேர்" கொடுத்தால் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு வரும், அதை என் போனில் ஸ்கேன் செய்தால் போதும், பாஸ்வேர்டே தேவையில்லை. சேர்ந்துவிட்டது. ஆனால் இன்டர்நெட் மட்டும் அப்போதும் வரவில்லை.

கேபிள்காரருக்கு மூன்று தரம் போன் செய்தேன். நாலாவது நாள் பையன் வந்தான். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா, சிவப்பு இல்லையே என்று பார்த்தான். தன் போனைச் சேர்த்து ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினான். "பாத்தீங்களாக்கா, நெட்டு சூப்பரா வருது. உங்க போன்லதான் ஏதோ ஃபால்ட்டு." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அவன் சொன்னதும் கண்ணெதிரே உண்மையாகத்தான் இருந்தது. கிளம்பும்போது ஒரு உபகாரம் செய்தான். எங்கள் மோடம் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயரில் காட்டும். 5 வேகமானது, ஆனால் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டிச் சமையலறைக்கு வராது. 2.4 வரும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும். அந்த 2.4-க்குள் இருக்கும் தனித்தனி தடங்களைத்தான் சேனல் என்கிறார்கள், அதை 11-ல் வைத்துவிட்டுப் போனான். மாமியார் போனுக்குச் சமையலறையில் நன்றாக வர ஆரம்பித்தது, என் போனுக்கு எந்த மாற்றமும் இல்லை.

அந்த நாட்களில் ராத்திரி ஒன்பது மணிக்கே மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அங்கேதான் சிம் சிக்னல் நிற்கும். கொசுக்கடி ஒரு பக்கம், தூக்கத்தில் இருக்கும் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுவது ஒரு பக்கம். அன்றைய டேட்டா தீர்ந்திருந்தால் அதுவும் வீண். இரண்டு ராத்திரி அவர் கூப்பிட்டு எனக்கு வரவே இல்லை. மறுநாள் காலையில் அவர் அனுப்பின குரல் மெசேஜைக் கேட்டபோது அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் டி.எச். ரோட்டில் ஒரு மொபைல் கடை. கடைக்காரர் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். "வைஃபை ஐசி போயிடுச்சு சிஸ்டர். 2,200 ஆகும். வச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தர்றேன்." ஐசி என்றால் போனுக்குள் வைஃபையைப் பிடிக்கிற சில்லு. உங்கள் கடை வைஃபையில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். இங்கே வைஃபை இல்லை என்றார். பணத்தை எடுக்கப் பர்ஸைத் திறந்தும்விட்டேன். போன் வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லையே, வாரண்டி இருக்குமே என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அதனால்தான் தப்பித்தேன்.

இதை அழுத்திச் சொல்கிறேன். வைஃபை ஐசி போன போன் எப்படி இருக்கும் என்றால், பெரும்பாலும் வைஃபை பட்டனே ஆன் ஆகாது, இல்லை பக்கத்து வைஃபை பெயர் ஒன்றுகூடப் பட்டியலில் வராது. என் போனிலோ தெருவில் இருக்கிற அத்தனை வைஃபை பெயரும் வந்தது. யாராவது ஐசி என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி உங்கள் போனைச் சேருங்கள். அதில் ஓடினால் ஐசி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டர் அண்ணா நகரில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "பில் இருக்கா மேடம்?" பில் வீட்டில். போட்டோ காட்டலாமா என்றால் அதுவும் இல்லை. பில் இல்லாமல் போனையே கையில் வாங்க மாட்டோம் என்றார்கள். அந்த ஹாலில் எங்கேயாவது ஒரு பலகையில் இதை எழுதி வைத்திருந்தால் நான் முதலிலேயே திரும்பியிருப்பேன். அன்றைக்கு முழுசாக வீண்.

இரண்டு நாள் கழித்துப் பில்லோடு, பெட்டியோடு மறுபடியும் போனேன். இந்தத் தடவை வாங்கினார்கள். அவர்கள் வைஃபையில் சேர்த்தார்கள். உடனே ஓடியது! எனக்கே நம்ப முடியவில்லை. கவுன்டரில் இருந்த பெண், "போன் நல்லா இருக்கு மேடம், உங்க வீட்டு நெட்லதான் பிரச்சினை" என்றார். வீட்டில் வந்து பார்த்தவன் நெட் நல்லா இருக்கு, போன்தான் என்கிறான். இங்கே போன் நல்லா இருக்கு, நெட்தான் என்கிறார்கள். நான் யாரிடம் போவது என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "வேணும்னா ஃபேக்டரி ரீசெட் பண்ணிடலாம். டேட்டா எல்லாம் போயிடும், பரவாயில்லையா?"

பரவாயில்லையா! சின்னவள் பிறந்த அன்றைக்கு எடுத்த படம் அதில்தான் இருக்கிறது. இவர் கடலிலிருந்து அனுப்பின குரல் மெசேஜ் எல்லாம் அதில்தான். எதற்கும் பேக்கப் இல்லை. வேண்டாம் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நெட்வொர்க் ரீசெட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டு, புளூடூத் இணைப்பு மாதிரி நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும்தான் அழிக்கும், படத்தையோ மெசேஜையோ தொடாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்தக் கவுன்டரில் முதலில் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஃபேக்டரி ரீசெட் என்ற வார்த்தையை யார் சொன்னாலும், பேக்கப் எடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது முழுக்க இதே யோசனை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போன் வெளியே ஓடுகிறது, வீட்டு நெட் மற்ற போனில் ஓடுகிறது. அப்படியானால் இந்தப் போனுக்கும் இந்த நெட்டுக்கும் நடுவில்தான் ஏதோ ஒத்துவரவில்லை. எப்போதிலிருந்து என்று நாளை எண்ணிப் பார்த்தேன். கேபிள்காரர் "லைன் மாத்தறோம், இனிமே ஸ்பீடா இருக்கும்" என்று பழைய மோடத்தைக் கழற்றிப் புதுசு மாட்டின மறுநாளிலிருந்து. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதையே வைத்துக் கொடுத்ததால் எல்லாம் தானாகச் சேர்ந்துகொண்டது, நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நேற்று சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் வைஃபை சேர்ந்தது. மேலிருந்து ஒரு அறிவிப்பு இறங்கியது. இந்தப் பன்னிரண்டு நாளும் அதைத் தள்ளிவிட்டுத்தான் இருந்திருக்கிறேன். நேற்றுத் தள்ளாமல் நின்று படித்தேன். இன்டர்நெட் இல்லை, பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. டிஎன்எஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மணலியில் இருக்கும் அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். அவன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். ஒரே நிமிஷத்தில் கூப்பிட்டான். "அத்தை, அது நான்தான் போட்டது!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வந்திருந்தபோது, பிள்ளைகள் விளையாடும் கேமில் கண்ட விளம்பரமும் வருகிறது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவன்தான் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் விளம்பரத்தைத் தடுக்கும் ஒரு முகவரியை எழுதிவைத்தான். மாசக்கணக்கில் நன்றாகவே வேலை செய்தது.

அவன் விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடிக் கொடுப்பதுதான் டிஎன்எஸ். அது தெரியாமல் போனால் எந்தப் பக்கத்துக்கும் போக முடியாது. சாதாரணமாக இந்தக் கேள்வி 53 என்ற போர்ட், அதாவது எண் போட்ட வாசல் மாதிரி ஒன்று, அதன் வழியாகப் போகும். பிரைவேட் டிஎன்எஸ் பூட்டின உறை மாதிரி 853 என்ற போர்ட் வழியாகப் போகும். புது லைனில் அந்த 853 அடைபட்டிருக்கிறது. நாமே ஒரு முகவரியை எழுதிவைத்திருந்தால், அது கிடைக்காதபோது போன் வேறு வழியைத் தேடாது, அப்படியே நின்றுவிடும். சிம் டேட்டாவிலும் சர்வீஸ் சென்டர் வைஃபையிலும் அந்த வழி திறந்திருந்தது, அதனால் ஓடியது. மாமியார் போனில் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

செட்டிங்ஸில் "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்", அதில் "பிரைவேட் டிஎன்எஸ்". சாம்சங் போனாக இருந்தால் "கனெக்ஷன்ஸ்", "மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்", அதற்குள் இருக்கும். அங்கே எழுதியிருந்த முகவரியை விட்டுவிட்டு "ஆட்டோமேட்டிக்" என்பதைத் தொட்டுச் சேமித்தேன். ஆச்சரியக்குறி போய்விட்டது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு யூடியூப் திறந்தேன், ஓடியது. நம்பாமல் பழைய முகவரியையே மறுபடி போட்டுப் பார்த்தேன், நின்றுவிட்டது. திரும்ப ஆட்டோமேட்டிக், வந்துவிட்டது. கோளாறு அதுவேதான் என்று அப்போதுதான் மனசு ஒப்புக்கொண்டது.

இன்று காலையில் கேபிள் பையனுக்கு இதைச் சொன்னேன். பின் தெருவில் இன்னும் ஒரு வீட்டிலும் இதே புகார் இருக்கிறதாம், அங்கேயும் போன்தான் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தானாம். "அந்த அக்கா கடையில குடுத்துட்டாங்களோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு இவர் கூப்பிட்டார். உள் அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எடுத்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. "இன்னைக்கு மாடிக்குப் போகலையா?" என்று கேட்டார். சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, மீதி நேரம் முழுக்க அவளே பேசினாள்.