சாலை ஆய்வாளரின் ராத்திரி வேலை

"கனவைத் துரத்தணுமா, முதலில் வேலையை விடு" என்று யாராவது ரீல்ஸில் முழங்கும்போதெல்லாம் எனக்கு நேக் சந்த் ஞாபகம்தான் வரும்.

சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்து வந்தவர். புது நகரத்துக்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபாடுகளில் கிடந்த உடைந்த வளையல், பீங்கான் துண்டு, ஆற்றோரக் கல் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957 வாக்கில் தொடங்கியது. பகலில் டியூட்டி, ராத்திரியில் சிற்பம். யாரும் எதுவும் கட்டக்கூடாத அரசு நிலம் வேறு. மாட்டியிருந்தால் வேலையே போயிருக்கலாம்!

ஏறக்குறைய 18 வருடம் அதிகாரிகளுக்குத் தெரியாது. (நாம் டீ குடித்தாலே ஸ்டேட்டஸ் போடுகிறோம், சரி விடுங்கள்.) கண்டுபிடித்தபோது முதலில் இடிக்கத்தான் நினைத்தார்கள். மக்கள் ஆதரவு திரண்டதால் தப்பித்தது. 1976ல் ராக் கார்டன் என்று முறைப்படி திறந்து, சம்பளத்தோடு 50 ஆட்களையும் கொடுத்து அதையே அவருக்கு வேலையாக்கினார்கள். 1984ல் பத்மஸ்ரீ.

எனக்குப் பிடித்தது இதுதான்: அந்த ஆபீஸ் வேலை அவருக்குத் தடையாக இல்லை. எங்கே என்ன இடிக்கிறார்கள், எந்தக் கழிவு எங்கே குவிகிறது என்பதெல்லாம் ஒரு சாலை ஆய்வாளருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சண்டிகர் போனால் அங்கே அரை நாளாவது ஒதுக்குங்கள். ஒரு மணி நேரமெல்லாம் போதவே போதாது.