இரண்டு அடுக்கு, ஒரு எண் வரிசை

அக்கா மகன் கல்லூரி லேப் பயிற்சியோடு வந்தான். ஸ்டாக் என்பது தட்டு அடுக்கு மாதிரி, மேலேதான் வைக்கலாம், மேலிருந்துதான் எடுக்கலாம். ஒரு ஸ்டாக்கில் உள்ள எண்களை, இன்னொரு ஸ்டாக்கை மட்டும் வைத்துக்கொண்டு, சிறியது அடியில் வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். அரே (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்) கூடாது, தயாராக இருக்கும் சார்ட் (வரிசைப்படுத்தும்) ஃபங்ஷன் கூடாது. எனக்கு இந்த மாதிரிக் கெடுபிடியான கணக்குகள்தான் பிடிக்கும்.

அடியிலிருந்து 7, 2, 9, 4 என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் 4-ஐ எடுத்து இரண்டாவதில் போடு. 9 பெரியது, அதன் மேலேயே உட்காரும். அடுத்து 2. இங்கேதான் விஷயம்: 2-ஐக் கையில் வைத்துக்கொண்டு, 9-ஐயும் 4-ஐயும் பழைய ஸ்டாக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். 2 அடியில் போனதும் அவை தானாகவே 4, 9 என்று சரியான வரிசையில் திரும்பி வரும். கடைசி 7-க்காக 9 மட்டும் ஒருமுறை போய்வரும். அவ்வளவுதான்.

இரண்டாவதின் மேலே இருக்கும் எண்ணைத் திருப்பி அனுப்பணுமா என்று, கையில் இருப்பதோடு ஒப்பிடும் இடத்தில் பையன் 'பெரியது அல்லது சமம்' என்று எழுதியிருந்தான். இரண்டு 5 வந்தால் போச்சு, ஒன்றையொன்று மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கும், நிரல் முடியவே முடியாது. 'பெரியது' மட்டும் போதும்.

வேகம்? எண்கள் இறங்குவரிசையில் வெளியே வந்தால் ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தையும் கொட்டிக் கவிழ்க்கணும், மொத்த எண்கள் n என்றால் வேலை n-இன் வர்க்கத்துக்குப் போய்விடும். ஏறுவரிசையில் வந்தால் ஒரே ஓட்டம்.

அப்புறம், எண்களை ஒரே ஒரு ஸ்டாக் வழியாக ஒரே முறை அனுப்பி வரிசைப்படுத்த முடியுமா என்று 1968-லேயே கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் ஆராய்ந்திருக்கிறார். மூன்று எண்களின் ஆறு வரிசைகளில் 2, 3, 1 மட்டும் மசியாது. நான்கு எண்கள் என்றால் 24-இல் 14 தேறும். ஏன் என்று பையனையே யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.