தீபாவளித் துணியும் முடக்குவாதமும்

தையல் தொழிலில் துணியை விடத் தேதிதான் முக்கியம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்றால் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பிளவுஸ் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை எவ்வளவு அழகாகத் தைத்துக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. எனக்கு முடக்குவாதம் என்கிற மூட்டு நோய் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்த பிறகு வலியை விட அதிகமாக அலைக்கழித்தது இந்தத் தேதி விஷயம்தான். நாளைக்கு என் கை எப்படி இருக்கும் என்று இன்றைக்கு எனக்கே தெரியாதபோது யாருக்கு என்ன தேதி சொல்வது? கும்பகோணத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்துக்கொண்டு சில வருடங்களாக இந்த நோயோடு இருக்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு, முக்கியமாகக் கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வந்தது காலில். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் பாதத்தின் முன்பகுதி கூழாங்கல் மேல் நிற்பது போல வலிக்கும். சமையல், குளியல் என்று நடமாடத் தொடங்கினால் குறைந்துவிடும். அடுத்து விரல்கள். முஷ்டியை மூட முடியவில்லை, மோதிரம் கழலவில்லை. துணி வெட்டும் பெரிய கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரல் போகும், அழுத்தினால் வலு வராது. "ராத்திரி பகலா தைக்கிற, அதான்" என்றார்கள் எல்லோரும். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தையலால் வந்த வலி என்றால் கத்தரி பிடிக்கும் வலது கைக்குத்தானே வர வேண்டும்? இடது கையிலும் அதே முட்டிகளில் அதே வீக்கம். நகத்தை ஒட்டிய கணுக்கள் நன்றாகவே இருந்தன. உள்ளங்கையோடு சேரும் முட்டிகளும் நடுக்கணுக்களும்தான் உப்பியிருந்தன. இரண்டு கையிலும் ஒரே மாதிரி இந்த முட்டிகளில் வீங்குவது முடக்குவாதத்தின் முக்கியமான அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

அக்கம்பக்கத்தில் பார்த்த டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கால்சியம் குறைவு என்றார் ஒருவர். யூரிக் ஆசிட் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். சிக்குன்குனியா வந்து போன வலி என்றார் மற்றொருவர். அதைத் தவறென்று சொல்ல முடியாது. 2006-இல் தமிழ்நாடு முழுக்க அந்தக் காய்ச்சல் அடித்தபோது மாதக்கணக்கில் மூட்டு வலியோடு நடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் எனக்குக் காய்ச்சலே வரவில்லை. ஓர் இடத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனை எடுத்து, நெகட்டிவ் என்று வந்ததும் "உனக்கு வாதம் இல்லம்மா, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும் முடக்குவாதம் இருக்கலாம். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொன்று உண்டு. அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காகிதத்தை மட்டும் பார்த்து ஒருவரை அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. இந்த நோயில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியில் திருச்சியில் ஒரு ருமட்டாலஜிஸ்டிடம் போனேன். மூட்டு வலி என்றால் எலும்பு டாக்டர் என்றுதான் நம் ஊரில் போகிறோம். முடக்குவாதத்துக்கென்று படித்தவர்கள் இவர்கள்தான். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டார்: "காலையில எழுந்தா எவ்வளவு நேரம் கழிச்சு கை உங்க பேச்சைக் கேக்குது?" பத்து மணிக்கு மேல் ஆகிவிடும் சார் என்றேன். கைகுலுக்குவது போல என் விரல் முட்டிகளைச் சேர்த்து இலேசாக அழுத்தினார். உயிர் போய் வந்தது. தேய்மான வலி என்றால் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடுமாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மூட்டுக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது, அந்தச் சவ்வு வீங்கித் தடித்து எலும்பைத் தின்னத் தொடங்குகிறது என்று படம் போட்டு விளக்கினார். இரவின் பிற்பகுதியில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் ஏறுகின்றன, காலை விறைப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்றார். என் சோம்பல் இல்லை என்று ஒருவர் காரணத்தோடு சொன்னதே எனக்குப் பாதி மருந்து.

மீதி மருந்து மெத்தோட்ரெக்சேட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை பாதித்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் சீட்டில் "சனிக்கிழமை மட்டும்" என்று தமிழில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஒரு மருந்துக் கடையில் கவர் மேல் இரவு ஒன்று, தினமும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் சீட்டைக் காட்டிச் சத்தம் போட்ட பிறகு பேனாவால் அடித்து மாற்றினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அதை வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. தயவுசெய்து கவரைப் பிரிக்கும் முன் ஒரு தடவை படியுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் சனிக்கிழமைத் தாள்களில் எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மறுநாள் எனக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும், ஞாயிறு கடை லீவு.

இந்த மருந்தோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் உண்டு. கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை உண்டு. கர்ப்பமாக இருக்கும்போது மெத்தோட்ரெக்சேட் கூடவே கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் கூச்சப்படாமல் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், மாற்று மருந்துகள் இருக்கின்றன. இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மருந்து அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது. ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். முதலில் இரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து, பின்னால் மிகக் குறைந்த அளவில் எங்களுக்கும் பயன்படத் தொடங்கியது. அவர் 1948-இலேயே இறந்துவிட்டார். சனிக்கிழமை இராத்திரி மாத்திரையைக் கையில் எடுக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க மிகச் சிறிய அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த வாரங்களில்தான் பலர் மருந்தை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் யோசனைகள் குவிந்தன. உருளைக்கிழங்கு வாயு, புளி ஆகாது, தயிர் தொடாதே. அத்தை கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்து மிளகு தட்டிப்போட்டு சூப் வைத்துக் கொடுத்தார். ருசியாக இருந்தது, ஆசையோடு குடித்தேன். அதில் சண்டை போட எதுவும் இல்லை. ஆனால் பெயரும் சேர்மானமும் எழுதாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் சூரணங்கள் வேறு விஷயம். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது.

சரி, மருந்து வேலை செய்யத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. ஆனால் நோய் போகவில்லை. நடுநடுவே கிளம்பும். சில சமயம் காரணம் தெரியும்: தூக்கம் கெட்டது, காய்ச்சல் வந்து போனது, ஒரே மூச்சில் அதிகம் வெட்டியது. பல சமயம் காரணமே இருக்காது. இரவு நன்றாகப் படுத்திருப்பேன், காலையில் காபி டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அணைத்துத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் மணிக்கட்டு, அடுத்த தடவை முழங்கால். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அதிலும் சாயங்காலம் நான் சாதாரணமாக மிஷினில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், காலையில் கடை மூடியிருந்ததை நம்பவே மாட்டார்கள். "நேத்து நல்லாத்தானக்கா இருந்தீங்க?" நேற்று நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் இந்த நோய்.

அப்புறம்தான் கடையையே நோய்க்கு ஏற்றபடி மாற்றினேன். நேரம் முதலில். விறைப்பு இருக்கும் காலையில் கத்தரியைத் தொடுவதில்லை. வெந்நீரில் கையை அமிழ்த்தி, ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை மெல்ல மடக்கி நீட்டிவிட்டு, அளவு எடுப்பது, நோட்டு எழுதுவது, துணி பிரித்து அடுக்குவது என்று வைத்துக்கொள்கிறேன். வெட்டுவதெல்லாம் மத்தியானத்துக்கு மேல். கால் மிஷினுக்கு மோட்டார் போட்டேன். லைனிங் துணிகளை அடுக்கி வெட்டக் கரண்டில் ஓடும் சின்ன கட்டிங் மிஷின் வாங்கினேன். கொக்கி வைப்பதும் ஹெம்மிங்கும்தான் விரல் நுனிக்குப் பெரிய தண்டனை. அவற்றைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தங்கையிடம் பீஸ் ரேட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் வருமானத்தில் அது ஒரு துண்டு போகிறதுதான், கை மிஞ்சுகிறது. துணி பிழிவதை வீட்டில் மற்றவர்கள் செய்கிறார்கள். பையை விரலில் கோர்த்துத் தூக்காமல் தோளில் மாட்டுகிறேன்.

தேதிக்கு என் நோட்டில் இப்போது இரண்டு பத்திகள். ஒன்று வாடிக்கையாளர் தேதி, இன்னொன்று என் தேதி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம் இருக்கும். கையில் நோய் கிளம்பினால் அந்த வாரத்தை அது எடுத்துக்கொள்ளும். கல்யாணத் துணி என்றால் ஒரு மாதம் முன்னால் கேட்கிறேன். தீபாவளி ஆர்டரை ஆயுத பூஜையோடு நிறுத்திவிடுகிறேன். கை நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று மனசு பறக்கும். அதை அடக்குவதுதான் இன்றைக்கும் கஷ்டம். ஒரு ஸ்லீவ் வைத்து முடித்ததும் எழுந்து வாசல் வரை நடந்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன். வாடிக்கையாளர்களிடம் நோயின் பெயரைச் சொல்லியே பேசினேன். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் துணியைச் சீக்கிரம் கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு டீச்சர் தன் அக்காவுக்கும் காலையில் விரல் மடங்கவில்லை என்று அழைத்து வந்தார். அளவு எடுக்கும்போதே இரண்டு கை முட்டியும் வீங்கியிருப்பது தெரிந்தது. ஆன்டி சி.சி.பி. எடுக்கச் சொல்லி, திருச்சி டாக்டர் விலாசத்தைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது என் கவனம் மழைக்காலத்தில்தான். இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பை அடக்குவதால் காய்ச்சலோ சீழ் வைத்த புண்ணோ வந்தால் அந்த வாரத்து மெத்தோட்ரெக்சேட்டைப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. நாமாக நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடவும் கூடாது. ஃப்ளூ தடுப்பூசியை மழை தொடங்கும் முன் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.